நாலண்ணன் வண்டி

ஊர் திரும்புகிறவர்களுக்காகத் துணிக்கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்திருந்தார்கள். தண்டாயுதபாணி கோயில் வாசலிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்படும். பெட்டி படுக்கையை மேலே கட்டிக்கொள்ளலாம். டான் சன் நுட் விமான நிலையத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். 1976இல் சைகோனில் இதைவிடப் பெரிய சௌகரியத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. சண்டை முடிந்து, ஆட்சி மாறி, ஊருக்கே புதுப் பெயர் வைத்துவிட்டார்கள், பெட்ரோலைத்தான் காணோம். நீலமும் வெள்ளையுமாகச் சுற்றிக்கொண்டிருந்த குட்டி டாக்சிகளில் பாதிக்குமேல் வீட்டு வாசலில் கோழிக் கூண்டாகிவிட்டன. லாம்ப்ரோ என்கிற மூன்று சக்கர வண்டி ஓடியது என்றாலும், பத்துப் பேருக்கும் வாத்துக் கூடைக்கும் நடுவே பெட்டியோடு அதில் ஏறுவது சண்டைக்குப் போவது மாதிரிதான்.

இவ்வளவும் தெரிந்த பஞ்சவர்ணம், "நான் சிக்லோவுல வந்துடுறேன்" என்றாள். சிக்லோ என்றால் ஆள் மிதித்து ஓட்டுகிற மூன்று சக்கர ரிக்‌ஷா.

கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து பஸ்ஸுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த முத்தையா பேனாவை நிறுத்தினார். தேவகோட்டைக்காரர், துணிக்கடை மானேஜர். பதினைந்து வருஷமாகப் பஞ்சவர்ணத்தின் மெஸ்ஸில் சாப்பிட்டு, அவள் வைத்த குழம்பில் குறை சொல்லியே உடம்பு வளர்த்தவர்.

"என்னக்கா, வெளையாடுறீகளா? ஏழு கிலோமீட்டரு. மழக்காலம் வேற. அந்த மனுசன் மிதிச்சு நீங்க போய்ச் சேருறதுக்குள்ள ஏரோப்ளேன் மெட்ராசுல எறங்கிருமே."

"என் பெட்டி என்ன பெரிய பெட்டி? ஆளுக்கு இருபது கிலோதானே. என் பேர அடிச்சுடுங்க."

முத்தையா அடித்தார். அடித்துவிட்டு, அவள் காதில் விழட்டும் என்றே, "சும்மா வர்ற பஸ்ஸ விட்டுப்புட்டு மிதிவண்டியாம். என்ன பொம்பளையோ" என்றார்.

அந்தப் பொம்பளைக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம். பஸ் என்றால் இருபது நிமிஷத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். சிக்லோ என்றால், அதுவும் தினமும் அவளைச் சந்தைக்குக் கூட்டிப்போகும் நாலண்ணன் மிதிக்கிற சிக்லோ என்றால், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்றை அந்த மனிதரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நீங்கள் இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரே இருந்திருக்காது என்பதுதான் அது. தமிழில் சொல்லிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வியட்நாமிய மொழியில் எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக அடுப்படியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சவர்ணம் காரைக்காலில் பிறந்தவள். 1948இல், இருபத்திரண்டு வயதில், புருஷன் நல்லசிவத்தோடு கப்பலில் சைகோன் வந்தாள். அவருக்குப் பிரெஞ்சுக்காரர்களின் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. எட்டு வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதே வருஷம் அவரும் விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நாலு வயது மகளோடு அவள் நின்றாள். ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அண்ணன் வீட்டு அடுப்படியில் சம்பளமில்லாச் சமையல்காரியாக இருப்பதற்கு இங்கேயே சொந்த அடுப்பில் வேகலாம் என்று, பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் வைத்தாள். துணிக்கடைப் பையன்கள், கணக்குப்பிள்ளைகள் என்று முப்பது இலை விழும். மகள் வேதநாயகியைச் சண்டைக்குப் பயந்து பன்னிரண்டு வயதில் காரைக்காலுக்கு அனுப்பினாளே தவிர, தான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு மெஸ்ஸைக் காட்டினாள். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை.

மெஸ் தொடங்கிய முதல் வாரத்தில்தான் அந்த வேடிக்கை நடந்தது. சிக்லோவில் முன்னால் நாற்காலி மாதிரி ஓர் இருக்கை இருக்கும். ஓட்டுகிறவர் பின்னால் உயரத்தில் உட்கார்ந்து மிதிப்பார். அப்படி ஒன்றில் சந்தை வாசலில் போய் இறங்கினாள். கூலியைக் கொடுத்துவிட்டு, நம் வழக்கப்படி 'போயிட்டு வரேன்' என்று சொல்ல நினைத்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் மரியாதை இல்லை. வெறுமனே 'போறேன்' என்று சொல்ல நாக்கு வராது. அப்படிச் சொன்னதற்குச் சின்ன வயதில் வாயிலேயே அடி வாங்கியவள். ஆகவே தனக்குத் தெரிந்த மூன்று வியட்நாமியச் சொற்களைக் கோத்து, "டி ரோய் வே" என்றாள். டி என்றால் போவது. ரோய் என்றால் அப்புறம். வே என்றால் திரும்பி வருவது.

அவள் விடைபெற்றாள். அவருக்கு அது உத்தரவாகக் கேட்டது. இந்த அம்மாள் போய்விட்டு வருவாள், நான் நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். கத்தரிக்காய்க்கும் மீனுக்கும் ஒன்றேகால் மணி நேரம் பேரம் பேசிவிட்டு அவள் வெளியே வந்தால், மனிதர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறார்.

"நீங்க போகலையா?"

"நீங்கதானே சொன்னீங்க."

தன் தப்பு புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. புருஷன் செத்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே அவரும் சிரித்தார். மறுநாளும் அதையே சொன்னாள். இந்தத் தடவை தெரிந்தே சொன்னாள்.

அவர் பெயர் தூ. அந்த ஊரில் பிள்ளைகளை வரிசை எண்ணால் கூப்பிடுவார்கள். தூ என்றால் நாலு. ஒரு மனுஷனைப் பார்த்துத் 'தூ' என்று கூப்பிட எந்தத் தமிழச்சிக்கு வாய் வரும்? துணிக்கடைக்காரர்களிடம் பேசும்போது அவரை 'நாலண்ணன்' ஆக்கிவிட்டாள். அவரைக் கூப்பிட 'அன்' என்ற சொல் மட்டும் போதுமாயிருந்தது. அன் என்றாலும் அண்ணன்தான். ஆனால் அந்த ஊரில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். இந்த விஷயம் அவளுக்கு ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் மாற்றிக் கூப்பிடவில்லை.

அவருக்குப் 'பஞ்சவர்ணம்' வாயில் நுழையவில்லை. பஞ்ச என்றால் ஐந்து என்று விரல் விரித்துக் காட்டினாள். ஐந்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் 'நம்' என்றும் இல்லாமல் 'நாம்' என்றும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒலிக்கும். நாலுக்கு அடுத்தது ஐந்து, சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று அவள் அவரிடம் சொல்லவேயில்லை. தினமும் காலையில் சந்து முனையிலிருந்து அவர் "நாம்!" என்று குரல் கொடுப்பார்; கூடையை எடுத்துக்கொண்டு போவாள்.

மத்தியானம் பந்தி முடிந்த பிறகு பின்வாசல் வழியாக வந்து சாப்பிடுவார். ரசத்தில் நுக் மாம் என்கிற மீன் சாற்றை இரண்டு கரண்டி விட்டுக் குடிப்பார். அந்த அக்கிரமத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவள் திட்டுவாள். அடுத்த நாள் அவளே அந்தப் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைப்பாள். பெண்டாட்டி பிரசவத்தில் போனவர், பிள்ளையும் இல்லை. 1968இல் அவர்கள் புத்தாண்டன்று ஊருக்குள் சண்டை வந்து மூன்று நாள் தெருவெல்லாம் அடைத்துக் கிடந்தது. நாலாம் நாள் காலை சந்து முனையில் அதே குரல் கேட்டது. கூடையைக்கூட எடுக்காமல் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். "சந்தை திறந்துட்டாங்க" என்றார், அதைச் சொல்லத்தான் வந்தவர் போல.

ஆட்சி மாறியதும் துணிக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. முப்பது இலை எட்டாயிற்று, எட்டு மூன்றாயிற்று. வேதநாயகி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். ஊர் திரும்பும் இந்தியர்களின் பட்டியலில் பஞ்சவர்ணத்தின் பெயரும் வந்தது. இதை நாலண்ணனிடம் சொன்ன அன்று அவள் உள்ளுக்குள் ஒன்றை எதிர்பார்த்தாள். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் எதிர்பார்த்தாள்.

அவர் குனிந்து வண்டிச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு, "எத்தனை பெட்டி?" என்று கேட்டார்.

புறப்படும் நாள் காலை ஆறு மணிக்கு வந்துவிட்டார். தகரப் பெட்டியைக் கால் வைக்கும் பலகையில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார். புடவைகளைத் திணித்து மூடியிருந்த பித்தளை இட்லிக் கொப்பரையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. புளியமரச் சாலையில் கூட்டமே இல்லை. பின்னாலிருந்து அவர் மூச்சு கேட்டது. முகத்தைப் பார்க்காமல் சொல்வதும் ஒரு விதத்தில் நல்லதுதான் என்று பட்டது. தேவாலயம் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தாள். தேவாலயம் தாண்டியது. பாலம் தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தாள். பாலத்துக்கு முன்னாலேயே மழை கொட்டத் தொடங்கியது. அவர் இறங்கி வந்து, இருக்கைக்கு முன்னால் ரப்பர் சீலையை இறக்கி நாலு பக்கமும் கொக்கி மாட்டினார். மிச்ச வழியெல்லாம் பஞ்சவர்ணம் மூட்டை மாதிரி இருட்டுக்குள் உட்கார்ந்து போனாள். மேலே மழை தடதடவென்று அடித்தது. இரண்டு தடவை "அன்!" என்று கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை.

சிப்பாய்கள் நின்ற வாசலுக்கு மேல் சிக்லோவை விடவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த மனிதர் பெட்டியை இறக்கி அவள் கையில் கொடுத்தார். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், சிப்பாய் அவசரப்படுத்தினான். யோசித்து வைத்திருந்த வாக்கியம் முழுவதும் மறந்துபோயிற்று. வாய்க்குப் பழக்கமானது மட்டும் தானாக வந்தது.

"டி ரோய் வே."

அவர் எப்போதும் போலத் தலையாட்டினார்.

உள்ளே கொப்பரையைத் திறந்து காட்டச் சொன்னார்கள், திறந்தாள். இட்லித் தட்டைத் தூக்கிப் பார்த்து இது என்ன கருவி என்றார்கள், விளக்கினாள். பிறகு காத்திருந்தார்கள். பத்து மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. விமானத்தில் ஏதோ கோளாறு, பாங்காக்கிலேயே நிற்கிறது, எல்லோரும் நாளைக் காலை வாருங்கள் என்று மூன்று மணிக்குச் சொன்னார்கள்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு கூட்டம் வாசலுக்கு வந்தது. பஸ் அப்போதே திரும்பிப் போயிருந்தது. டாக்சி இல்லை. லாம்ப்ரோ இரண்டு வந்தன, இரண்டும் நிரம்பி வழிந்தன. இரண்டு பெட்டிகளும் ஒரு படுக்கையுமாக முத்தையா சாலையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கத்து மரத்தடியில் அந்தச் சிக்லோ நின்றது. ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தது. நாலண்ணன் இருக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சாலையைக் கடந்து போனாள். காலை எட்டு மணியிலிருந்து இந்நேரம் வரை நின்றிருக்கிறார்.

"நீங்க போகலையா?" என்றாள். அந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டதுதான்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றார் அவர்.

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் முத்தையா வந்து சேர்ந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீக. நாலண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பெட்டிய மட்டும் ஏத்திக்கிட்டா, நா நடந்தே வந்துருவேன்."

"பஸ் எங்க போச்சு?"

"குத்திக் காட்டாதீகக்கா."

ஆகவே பஞ்சவர்ணமும் மூன்று பெட்டிகளும் ஒரு படுக்கையும் இட்லிக் கொப்பரையும் சிக்லோவில் வர, முத்தையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தார். வழி நெடுக நிர்வாகத்தைத் திட்டினார், விமானத்தைத் திட்டினார், தன் கால் ஆணியைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். பெருமாளே எதிரில் வந்திருந்தாலும் அந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

காலி செய்த மெஸ்ஸில் ஒரு பானையும் கொஞ்சம் அரிசியும் மிச்சம் இருந்தன. பொழுது சாய்வதற்குள் கஞ்சி வைத்தாள். நாலண்ணன் பின்வாசல் படியில் உட்கார்ந்து குடித்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவர் குடித்த வேகத்திலேயே தெரிந்தது.

"பிளேன் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நின்னிருப்பேன்."

"நான் இந்தியா போறேன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் எத்தனை நேரம் நிப்பீங்க?"

அவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "நீங்க எப்பவுமே கொஞ்சம் லேட்டாத்தானே வருவீங்க" என்றார்.

பஞ்சவர்ணம் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டாள். அழுகை வந்தது. அவள் சொல்ல நினைத்ததற்கெல்லாம் இனி அவசியமே இல்லை என்று தோன்றியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது வேறொன்று. நாளைக்கும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டால் இந்த மனிதர் நிற்பார். நாளைக்கும் நிற்பார், மறுநாளும் வந்து அந்த மரத்தடியில் நிற்பார். வேலைவெட்டி இல்லாத கிழவன் என்று சிப்பாய்கள் விரட்டுவார்கள். விரட்டினால் தள்ளிப் போய் நிற்பார்.

மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. ஏறும்போது அவள் ஒரு காரியம் செய்தாள். பெட்டியோடு கொப்பரையையும் கால் பலகையில் வைத்துக் கட்டச் சொல்லிவிட்டு, இருக்கையில் ஒருக்களித்துத் திரும்பி, சாய்மானத்தின் மேல் கையை மடித்து வைத்து, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். எதிரே அவர் முகம். இருபது வருஷமாக அவர் வண்டியில் ஏறியவள், ஓட்டும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று பார்த்ததேயில்லை.

"விழுந்துடுவீங்க, நாம். நேரா உக்காருங்க."

"விழ மாட்டேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

அவர் அவள் தலைக்கு மேலாகச் சாலையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். மேட்டில் மிதிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பார் என்பது தெரிந்தது. இடது புருவத்தில் மட்டும் நரை விழுந்திருந்தது. ரொட்டிக் கடை வாசலில் நின்ற பெண்கள் இந்தக் கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். தேவாலயமும் பாலமும் எப்போது தாண்டின என்று அவள் கவனிக்கவில்லை. ஏழு கிலோமீட்டர் அவ்வளவு சின்னது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாசலில் பெட்டியை இறக்கினார். கொப்பரையை இறக்கினார். பிறகு எப்போதும் போல, அவள் சொல்லப்போவதற்காக நின்றார்.

"டி" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர் காத்திருந்தார். மீதிச் சொல் வர வேண்டுமே. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். சின்ன வயதில் அடி வாங்கிய வாய் எரிந்தது. வேறு மொழியில் சொன்னாலும் அது அபசகுனச் சொல்தான். இன்னொரு முறை, இன்னும் மெல்ல, "டி" என்றாள்.

நாலண்ணனுக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வண்டியைத் திருப்பி, ஏறி, மிதித்தார். மரத்தடியில் நிற்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமும் அவள் முன்னால் உட்கார்ந்தவள், இறங்கி நடந்தவள். அவர் பின்னால் இருந்தவர், நின்றவர். அவர் முதுகை அவள் பார்த்தது அன்றுதான். சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு கிழிசல் இருந்தது. தெரிந்திருந்தால் நேற்றே தைத்துக் கொடுத்திருப்பாள்.

அன்று விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

காரைக்காலில் மகள் வீட்டில் பஞ்சவர்ணம் பதினான்கு வருஷம் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அந்தக் கொப்பரையில் இட்லி அவித்தாள், சினிமாவுக்குப் போனாள், மீன்காரியோடு சண்டை போட்டாள். வேதநாயகிக்கு அம்மாவிடம் ஒரே ஒரு குறை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். மகள் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா என்னம்மா பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

பஞ்சவர்ணம் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்படிச் சொன்னா அங்க ஒருத்தர் காத்துக்கிட்டு நிப்பாருடி" என்றாள்.